சரசு, தை மாதம் கையெழுத்துப் போடாதே

கோபி,
23.11.2025

அன்புள்ள சரசு,

இங்கே எல்லோரும் சுகம். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, அவருக்கு முட்டி வலி அப்படியேதான், மருமகளுக்குத் திருப்பூரிலேயே வேலை கிடைத்துவிட்டது. பேத்திக்குச் செல்வமகள் கணக்குத் தொடங்கியாச்சு. பத்து வயதுக்குள் தொடங்கினால் போதும் என்று மகன் இழுத்துக்கொண்டே இருந்தான். பதினைந்து வருடம் பணம் கட்டணும், கணக்குத் தொடங்கி இருபத்தொரு வருடம் கழித்துத்தான் முதிர்வு, நீ ஒன்பது வயதில் தொடங்கினால் அவள் முப்பதில் எடுப்பாள், கல்யாணத்துக்கா அது உதவும் என்று கேட்டேன். மறுநாளே ஆதாரோடு வந்து நின்றான். போஸ்ட் ஆபீஸ் சேமிப்பு ஏஜென்டான என் வீட்டிலேயே இந்தக் கதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனில் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை பார்த்துக்கொண்டே பேசுகிறாய், பக்கத்தில் உன் மகன் பிரபுவோ அவன் மனைவியோ இருக்கிறார்கள். அவர்கள் காதில் விழுந்தால் தப்பாகத் தெரியும். அதனால் இதைத் தனியாக உட்கார்ந்து படி.

"தைப்பூசத்தோடு எனக்கு அறுபது முடியுது, அன்னைக்கே தோப்பு அஞ்சு ஏக்கரையும் பிரபு பேருக்கு செட்டில்மென்ட் எழுதிடப் போறேன், இனி எனக்கெதுக்கு" என்று சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. தை மாதம் எழுதாதே, அந்த மாதிரி எழுதாதே என்கிறேன்.

நம்ம ஹாஸ்டல் வார்டன் அம்மாவைப் பற்றி உனக்குச் சொல்லவே இல்லை அல்லவா. அவர் இப்போது கோபியில்தான் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. ஏழாம் நம்பர் அறைக்காரிகள் எப்படி இருக்கிறார்கள் என்று இன்னும் கேட்கிறார், ராகி உருண்டை விவகாரத்தை மறக்கவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல், வாங்கிய சம்பளத்தில் கட்டிய வீடு. அதை 2019-ல் தங்கை மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வளர்த்த பையன். "அன்பின் காரணமாக" என்று ஒரு வரி, வேறு நிபந்தனை ஒன்றுமில்லை. முதல் இரண்டு வருடம் நன்றாகத்தான் போனது. அப்புறம் முன்அறை அவன் ஆபீஸ் ஆனது. சமையலறைக்குப் பூட்டு வந்தது. இப்போது பின்னால் சலவைக் கல் பக்கத்தில் இருக்கும் அறையில் இருக்கிறார். அவருக்கு ஓய்வூதியம் வருகிறது, 80 முடிந்ததும் 20 சதவீதம் கூட்டியும் கொடுத்தார்கள். அதனால் பணத்துக்குக் குறையில்லை. அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "என் வீட்டு முன்வாசல் சாவி எனக்கு வேணும், வசந்தா." இருநூறு பெண்களை ஒரு பார்வையில் வாயடைத்து நிறுத்திய அம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டு இதைக் கேட்டார்.

அவரை ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007 என்று ஒன்று இருக்கிறது. நம் மாநிலத்தில் அந்தத் தீர்ப்பாயம் ஆர்டிஓவிடம்தான். வக்கீல் வைக்காமல் நாமே மனு எழுதிக் கொடுக்கலாம். பிள்ளைகள் சோறு போடவில்லை என்றால் மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவு போட முடியும். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்து யாருக்குப் போகுமோ அந்த உறவினர் மேலும் கேட்கலாம். இந்தச் சட்டத்தில் 23-வது பிரிவுதான் முக்கியம். மூத்த குடிமகன் ஒருவர், தன்னைப் பார்த்துக்கொள்ளணும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளவில்லை என்றால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம்.

நிபந்தனையோடு என்பதை நன்றாகப் படி. வார்டன் அம்மாவுடைய பத்திரத்தில் அது இல்லை. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததாகக் காட்டாவிட்டால் இந்தப் பிரிவில் ரத்து கேட்க முடியாது என்று சொன்னது. 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம், இது முதியவர்களின் நலனுக்கான சட்டம், அதைத் தாராளமாகப் பொருள் கொள்ளணும் என்று சொல்லி ஒரு தாய்க்குச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தது. மார்ச் மாதம் நம் உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போய், அன்பின் பேரில் எழுதிக் கொடுத்தாலே பார்த்துக்கொள்ளணும் என்ற நிபந்தனை அதற்குள் அடக்கம் என்றது. அம்மாவுக்கு அதுதான் நம்பிக்கை. ஆனாலும் எதிர்த் தரப்பு 2022 தீர்ப்பைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. விசாரணை நடக்கிறது. ஒரே ஒரு வரி பத்திரத்தில் இருந்திருந்தால் இந்த வயதில் அந்த மரப்படியில் அவரைத் தாங்கிப் பிடித்து ஏற்றிக்கொண்டிருக்க மாட்டேன்.

"பிரபு அப்படிப்பட்டவன் இல்லை" என்பாய். எனக்குத் தெரியாதா? நான் தூக்கி வளர்த்த பையன். தங்கமான தம்பி. உன் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராவும் பகலும் கூடவே இருந்தவன். இதில் பிரபுவின் குணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. நான் சொன்ன அந்த மார்ச் தீர்ப்பு நாகப்பட்டினம் பக்கத்து ஒரு தாயுடையது.  மகன் இறந்த பிறகு மருமகள் அந்த அம்மாவைக் கவனிக்கவில்லை. வாய்க்கு வராத சொல்லைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இன்னொன்று, அவன் புது மெஷின் வாங்கக் கடன் கேட்டிருக்கிறான் என்று நீதான் சொன்னாய். தோப்பு அவன் பேருக்குப் போனதும் அது பேங்கில் அடமானமாகப் போகும். பனியன் தொழில் ஏறுவதும் இறங்குவதும் உனக்குப் புதிதா? ஒரு ஆர்டர் நின்றால் அவன் என்ன செய்வான், நல்லவனாக இருந்தும் என்ன செய்வான்?

இப்போது வயது விஷயம். இதற்காகத்தான் அவசரமாக எழுதினேன். உனக்குத் தைப்பூசத்தில் அறுபது முடிகிறது, சரி. உன் ஆதாரில் என்ன இருக்கிறது, எடுத்துப் பார். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எல்லாப் பிள்ளைக்கும் போட்ட அதே ஜூன் மாதம்தான். சட்டத்தில் மூத்த குடிமகன் என்றால் 60 வயது நிறைந்தவர். காகிதப்படி நீ 2026 ஜூனில்தான் அதற்குள் வருகிறாய். தை மாதம் எழுதினால் 59 வயதுக்காரியாக எழுதுகிறாய். 23-வது பிரிவு பேசுவது மூத்த குடிமகன் எழுதிக் கொடுத்ததைப் பற்றி. நாளைக்கு ஒரு சங்கடம் வந்தால் எதிர்த் தரப்பு முதலில் நீட்டுவது உன் ஆதாரைத்தான். பெற்றவள் என்ற முறையில் ஜீவனாம்சம் கேட்க அறுபது ஆகவேண்டியதில்லை. ஆனால் தோப்பைத் திரும்பக் கேட்பது வேறு. ஐந்து மாதம் பொறுத்தால் உன் கைக்கு வரும் பாதுகாப்பை நல்ல நாள் பார்த்து விட்டுக் கொடுக்கிறாய்.

போஸ்ட் ஆபீசில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஜாதகத்தைக் கொண்டுவந்து காட்டுவார்கள் சரசு, பாவமாக இருக்கும்.

நம் வயதுக்காரிகளுக்குச் சட்டம் எப்போதுமே ஒரு கல்யாணம் முந்தியோ பிந்தியோதான் வந்திருக்கிறது. 84 டிசம்பரில் ஊரே ஓட்டுப் போட்டபோது நமக்கு இருபத்தொன்று ஆகவில்லை. அப்புறம் 1989 மார்ச் 28 முதல் பதினெட்டு போதும் என்றாக, நவம்பர் தேர்தலில் என் சின்னத் தங்கச்சி கூட விரலைக் காட்டிக்கொண்டு வந்தாள். அதே மார்ச்சில், 25-ம் தேதி, தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண்களோடு சம பங்கு என்ற திருத்தம் அமலானது. அன்றைக்கு முன் கல்யாணமான பெண்களுக்கு இல்லை. நான் 87-ல் கழுத்தை நீட்டியவள், எனக்கு இல்லை. 2005 செப்டம்பர் 9-ல் மத்திய சட்டம் அந்த வேலியை எடுத்தது, அதற்குள் எங்கள் அப்பா பாகப்பிரிவினையைப் பதிந்தே முடித்துவிட்டார். நீ 90-ல் கல்யாணம் ஆனவள். உனக்கு முழு உரிமை இருந்தது. நீ என்ன செய்தாய்? சீர் செய்தாச்சு, நகை போட்டாச்சு என்று உன் அண்ணன்கள் சொல்ல, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு விருந்து சாப்பிட்டு வந்தாய். படித்துப் பார்த்தாயா என்று கேட்டதற்கு, "அண்ணன் நீட்டினா படிக்கவா முடியும்" என்றாய். எனக்கு இல்லாத உரிமை, நீ பேனா மூடியைத் திறக்கும் நேரத்தில் போனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அண்ணன்களோடு உறவு நன்றாக இருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் அந்த நிலம் இன்று என்ன விலை என்று உனக்கே தெரியும்.

இந்தத் தோப்பு அப்படி வந்ததில்லை. உன் வீட்டுக்காரர் மில்லில் ஷிப்ட் பார்த்துச் சேர்த்து, உன் பேரிலேயே கிரயம் செய்து கொடுத்தது. அவர் அதை யோசித்துத்தான் செய்தார். முழுக்க உன் சொத்து, யாருக்குக் கொடுப்பது என்று நீ மட்டும்தான் சொல்லலாம். அதில் உன் மகள் கவிதா பேர் எங்கே? வெள்ளை ஈயும் வாடல் நோயும் வந்து மரங்கள் காய்ந்தபோது வாராவாரம் உடுமலையிலிருந்து வந்து மருந்து வைத்தவள் அவள்தானே. "அவளுக்கு அம்பது பவுன் போட்டேன்" என்று சொல்லாதே. உன் அண்ணன்கள் சொன்ன அதே வார்த்தை அது. உன் வாயில் வரக்கூடாது.

நான் யோசித்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். பிரபுவுக்கு இப்போது தேவை என்றால் ரோட்டோரம் இருக்கும் இரண்டு ஏக்கரை மட்டும் எழுதிக் கொடு, அதுவும் ஜூனுக்குப் பிறகு. உன்னைக் கடைசி வரை பராமரிக்கணும், உணவு, இருப்பிடம், வைத்தியம் பார்க்கணும், தவறினால் பத்திரத்தை ரத்து செய்ய உனக்கு உரிமை உண்டு என்று வெளிப்படையாக எழுதச் சொல். மீதி மூன்று ஏக்கரும் வீடும் கிணறும் உன் பேரிலேயே இருக்கட்டும். அதற்கு உயில் எழுது. இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை, ஆனால் நீ பதிந்தே வை. உயில் உன் காலத்துக்குப் பிறகுதான் பேசும், நடுவில் மனசு மாறினால் மாற்றி எழுதலாம். செட்டில்மென்ட் அப்படியில்லை, கொடுத்தது கொடுத்ததுதான். குடும்பத்துக்குள் முத்திரைக் கட்டணம் குறைவு என்று பத்திர எழுத்தர் சொல்லியிருப்பார், உண்மைதான். ஜூனிலும் அது குடும்பத்துக்குள்தான். பிரபுவிடம் நீயே சொல்லு, நான் சொன்னேன் என்றும் சொல்லு. வசந்தா அத்தை கறாரானவள் என்று அவனுக்குத் தெரியும்.

ஜூனில் இன்னொரு வேலையும் இருக்கிறது. தேங்காய் விலை ஏறிய நேரத்தில் விற்ற பணம் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கிறது என்றாயே, அறுபது நிறைந்த அன்றே மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடு. இப்போது 8.2 சதவீதம். லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை 2,050 ரூபாய் உன் கணக்கில் விழும், ஐந்து வருடம். 30 லட்சம் வரை போடலாம், உன்னிடம் அவ்வளவு இல்லை என்று பொய் சொல்லாதே. வருமான வரி வராத அளவுதான் என்றால் வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவம் கொடுத்துவிடு. இங்கே ஒரு வங்கியில் அது கொடுக்காததால் ஒரு ஆத்தாவுக்கு வரி பிடித்து, அதைத் திரும்ப வாங்க ரிட்டர்ன் போட வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் நம் வயதில் பிடிப்பார்கள், அதுவே பெரிய நிம்மதி. அப்புறம் ரயிலில் கீழ் பெர்த் கோட்டா பெண்களுக்கு 45 வயதிலிருந்தே உண்டு. நீ போன மாசம் சென்னைக்கு மேல் பெர்த்தில் ஏறி இறங்கியதாகக் கவிதா சொன்னாள், ஏண்டி இப்படி இருக்கிறாய்?

பாரியூர் குண்டத்துக்கு வந்துவிடு, மார்கழியில் எப்படியும் வேலை குறைவுதான். வார்டன் அம்மாவைப் பார்க்கலாம், அவரே உன்னிடம் பேசட்டும். அதற்கு முன்னால் பத்திர எழுத்தர் தயார் செய்திருக்கும் நகலைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, எல்லாப் பக்கமும் வேண்டும். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டிக் கேட்டு வைக்கிறேன். ஆதார் முன்பக்கத்தையும் சேர்த்து அனுப்பு, பிறந்த தேதியை நானே பார்க்கணும்.

உன்
வசந்தா