‘சூப்பர் சிஸ், வெயிட்டிங்’ என்று எழுதிய கைகளுக்கு

வாசக நட்புகளுக்கு வணக்கம்.

இணையத்தில் தொடர்கதை எழுதுகிற நாங்கள் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. எபியை (எபிசோடை, அதாவது கதையின் ஓர் அத்தியாயத்தை) படித்துவிட்டு லைக் போட்டவர்களுக்கு, ஒற்றை வரி எழுதியவர்களுக்கு, ஒன்றரைப் பக்கத்துக்குச் சண்டை போட்டவர்களுக்கு. எல்லாக் கருத்துக்கும் கீழே ‘மிக்க நன்றி’ என்று ஒரே வரியை ஒட்டிவிட்டுப் போகிறோம் என்ற வருத்தம் உங்களில் பலருக்கு உண்டு. நியாயமான வருத்தம்தான். அதனால் எதற்கு நன்றி என்பதை இந்த முறை பிரித்துச் சொல்லிவிடுகிறோம்.

லைக்கிலிருந்து தொடங்கலாம். கதைக்குப் பக்கத்தில் தெரிகிற பார்வை எண்ணிக்கை எங்களுக்கு அவ்வளவாக உதவாது. பக்கம் திறந்தது என்பதைத்தான் அது சொல்லும். படித்தார்களா என்பதைச் சொல்லாது. கைபேசியில் பாதி, கணினியில் மீதி என்று படித்தவர் சில தளங்களில் இரண்டு பேராகிவிடுவார். தவறித் தொட்டுவிட்டு அடுத்த நொடியே வெளியே போனவரும் கணக்கில் உண்டு. லைக் அப்படியில்லை. பொத்தான் பெரும்பாலும் எபியின் அடியில் இருக்கிறது. அங்கே விரல் வந்திருக்கிறது என்றால் கண்ணும் அதுவரை வந்திருக்கிறது என்று நம்பலாம்.

இதில் எழுதுபவருக்கு உண்மையில் பயன்படுவது மொத்த எண்ணிக்கை அல்ல, எபிக்கு எபி வரும் வித்தியாசம். முதல் எபிக்குப் பார்வை எப்போதும் அதிகம், இரண்டு மூன்றில் சரியும். எல்லாக் கதைக்கும் நடப்பதுதான், புதிதாக எழுத வந்தவர்கள் இதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். கதை ஒரு நிலைக்கு வந்தபின் நடக்கிற சரிவுதான் கவனிக்க வேண்டியது. 12ஆம் எபியில் பார்வை திடீரென்று குறைந்தால் நாங்கள் 12ஐத் திருத்த உட்காருவோம். அது தப்பு. போனவர்கள் 12ஐத் திறக்கவே இல்லையே! அவர்களை அனுப்பி வைத்தது 11. மாறாக, பார்வை அப்படியே இருந்து லைக் மட்டும் பாதியாகிவிட்டால் கோளாறு அந்த எபிக்குள்ளேயே இருக்கிறது: திறந்தார்கள், ஏதோ ஓரிடத்தில் மனம் விட்டுப்போனது. ஒவ்வொரு எபிக்கும் தவறாமல் லைக் போடுகிற அந்தச் சிலர் இல்லையென்றால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவே வழியில்லை. நீங்கள் பழக்கதோஷத்தில் தட்டுகிறீர்கள். எங்களுக்கு அதுதான் அளவுகோல்.

இதுவும் தளத்துக்குத் தளம் மாறும். வாட்பேட் என்ற கதைத் தளத்தில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தனித்தனி ஓட்டு (லைக்குக்கு அங்கே அதுதான் பெயர்), அதனால் மேலே சொன்ன கணக்கு அங்கே எடுபடும். ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகர் புனைவுத் தளத்தில் ஒரு படைப்புக்கு ஒருவர் ஒரே ஒரு கூடோஸ்தான் (அந்தத் தளத்தின் லைக்) தர முடியும். 40 அத்தியாயக் கதைக்கு முதல் அத்தியாயத்திலேயே அதைக் கொடுத்துவிட்டவர் அதற்குப்பின் 39 அத்தியாயத்துக்கும் இருக்கிறாரா, போய்விட்டாரா என்பதைக் கருத்துப் பெட்டி மட்டும்தான் சொல்லும். அங்கே ‘இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்’ என்று நடுநடுவே ஒரு வரி போடுகிறவர்களுக்குத் தனி வணக்கம்.

அடுத்தது, பலரும் கேலி செய்கிற அந்த வரி. ‘சூப்பர் சிஸ், வெயிட்டிங்.’ இதில் என்ன விமர்சனம் இருக்கிறது என்று கேட்பவர்கள் இரவு பதினொரு மணிக்கு எபி போட்டுப் பார்த்தவர்கள் அல்ல. அந்த வரி வந்துவிட்டால் அறிவிப்பு போயிருக்கிறது, பக்கம் திறக்கிறது, எபி பாதியில் வெட்டுப்படவில்லை என்று அர்த்தம். வழக்கமாக வரும் நேரத்தில் அது வராமல் போனால் நாங்கள் போய்ப் பார்ப்போம். எபி வரைவிலேயே நின்றிருக்கும், இல்லையென்றால் 15க்குப் பதில் 14ஐயே இரண்டாம் முறை ஏற்றியிருப்போம். ‘சிஸ், லிங்க் ஓப்பன் ஆகல’ என்று முதல் ஐந்து நிமிடத்தில் சொல்பவர் அன்றைய வாசகர்கள் அத்தனை பேரையும் காப்பாற்றியவர். வெறும் ஸ்மைலி போடுகிறவர்களையும் விட்டுவிட முடியாது. இழவு வீட்டுக் காட்சிக்குக் கீழே நான்கு பேர் சிரிக்கும் முகம் போட்டிருந்தால் வேறு விமர்சனம் தேவையில்லை, அந்த ஒப்பாரியைத் திரும்ப எழுத வேண்டியதுதான்.

இனி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் படிக்கிறவர்கள். கொஞ்சம் அதிக நேரம் இவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறோம், மன்னிக்கவும்.

ஓர் உதாரணம். நாயகி கையில் டம்ளருடன் மாடிப்படி இறங்குகிறாள். இன்னொரு கையில் குழந்தை. கீழே வந்ததும் ‘கதவைப் படாரென்று திறந்தாள்’ என்று எழுதியாகிவிட்டது. கீழே ஒரு கருத்து: ‘ரைட்டர்ஜி, டம்ளர் எங்கே?’ எழுதியவர் இதைப் பத்து முறை படித்தாலும் பிடிக்க முடியாது. காரணம், அவர் மனத்துக்குள் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேசை இருக்கிறது, டம்ளரை அதன்மேல் அவள் வைத்துவிட்டாள். எழுத்தில்தான் மேசை இல்லை. எழுதியதைப் படிக்கும்போது தாளில் இருப்பதை அவர் படிப்பதில்லை, தலைக்குள் இருப்பதையே படிக்கிறார். நாலு நாள் ஆறப்போட்டுப் படித்தால் ஓரளவு தப்பிக்கலாம். வாரம் மூன்று யூடி (அப்டேட், அதாவது புது எபி) கொடுக்கிறவருக்கு அந்த நாலு நாள் எங்கே கிடைக்கும்?

நாள் கணக்கும் இதே ரகம். 7ஆம் எபியில் அமாவாசை இருட்டு, கதைப்படி மூன்று நாள் கழித்து 9ஆம் எபியில் மொட்டைமாடி முழுக்கப் பௌர்ணமி நிலா. இடையில் ஏறக்குறைய 15 நாள் வேண்டும் என்று யாரோ ஒருவர் விரல்விட்டு எண்ணியிருப்பார். திருத்துவது சுலபம் என்று நினைக்காதீர்கள். நிலாவை எடுத்தால் அவன் முகம் அவளுக்குத் தெரியாது, முகம் தெரியாவிட்டால் அடுத்த வசனம் நிற்காது. ஒரு தெருவிளக்கை நட்டுத்தான் சமாளிக்க வேண்டியிருக்கும். கர்ப்பகாலக் கணக்கைப் பற்றி நாங்கள் பேசவே விரும்பவில்லை. எங்கள் நாயகிகளில் சிலர் பதினான்கு மாதம் சுமந்திருக்கிறார்கள்.

தொழில் தெரிந்து சொல்பவர்கள் இன்னொரு வகை. மருத்துவமனைக் காட்சியில் ஈசிஜி நேர்கோடாகிவிடும், உடனே டாக்டர் ஷாக் கொடுப்பார், நாயகன் கண் திறப்பான். செவிலியராக இருக்கும் வாசகி பொறுமையாக எழுதுவார்: நேர்கோட்டுக்கு ஷாக் கொடுப்பதில்லை, தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான் அது, நேர்கோடு என்றால் நெஞ்சை அழுத்தி இயக்குவார்கள், அட்ரினலின் ஊசி போடுவார்கள். இந்த இரண்டு வரியால் காட்சி கெட்டுவிடாது, கூடுகிறது. மின்சாரப் பெட்டியைவிட, வியர்த்து வழிய மாறி மாறி நெஞ்சை அழுத்தும் இரண்டு பேர் எவ்வளவோ பதற்றம் தருவார்கள்.

எழுத்துப்பிழை பிடிப்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒற்று மிகும் இடம் மிகா இடம் பற்றி நீங்கள் கற்றுக்கொடுத்தது ஒரு பக்கம். தட்டச்சில் கண்ணை ஏமாற்றும் பிழைகள் இன்னொரு பக்கம். ‘ரு’ வர வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஐந்தான ‘௫’ உட்கார்ந்திருக்கும். ‘கு௫’ என்பது பார்வைக்குக் குரு மாதிரியே தெரியும். ‘ஔ’ என்ற ஓரெழுத்துக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் சேர்ந்து நிற்கும். துணைக்கால் போட வேண்டிய இடத்தில் ‘ர’ விழுந்திருக்கும். கண்ணுக்கு எல்லாம் சரி. ஆனால் அந்தச் சொல்லைத் தேடினால் அகப்படாது. செயலியின் குரலில் கதை கேட்கிறவருக்குக் குரு ‘கு ஐந்து’ ஆகிவிடலாம். காதால் கதை கேட்கும் வாசகர்கள் எங்களிடம் உண்டு என்பதையே இப்படிச் சொன்னவர்கள் மூலம்தான் அறிகிறோம்.

அடுத்து என்ன நடக்கும் என்று ஊகித்து எழுதுபவர்கள். ‘கொலைகாரன் அந்தச் சித்தப்பாதான், எழுதி வச்சுக்கோங்க.’ பதிலுக்கு ஒரு கண்ணடிக்கும் ஸ்மைலியோடு நழுவுவோம், உள்ளே கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஊகிக்கிறவர்களில் ஒன்றிரண்டு பேர் மட்டும் சரியாகச் சொன்னால் தடயங்கள் சரியான அளவில் விழுந்திருக்கின்றன. எல்லோரும் சொல்லிவிட்டால் உப்பு கூடிவிட்டது. முடிவு வெளியானபின் ‘இது எப்படி?’ என்று எல்லோரும் கேட்டால், தடயம் எங்கள் மனத்தில் மட்டும் இருந்திருக்கிறது. இங்கே ஒரு சறுக்கல் உண்டு: வாசகர் கண்டுபிடித்துவிட்டாரே என்று முடிவையே மாற்றுவது. மாற்றினால் பத்து எபியாகப் போட்ட தடயங்கள் அநாதையாகும், கதை கோணிப்போகும். சரியாக ஊகித்தவர், தான் ஊகித்ததே நடக்கும்போது சலித்துக்கொள்வதில்லை, காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார். அவர்களுக்காகவாவது சித்தப்பாவைக் கொலைகாரனாகவே விட்டுவிட வேண்டும்.

உங்கள் கருத்து உடனே கதையில் தெரியவில்லையே என்றால், அது அலட்சியம் அல்ல. பலரும் இரண்டு மூன்று எபி எழுதிக் கையிருப்பு வைத்துக்கொண்டுதான் போடுகிறார்கள். 10ஆம் எபிக்கு நீங்கள் எழுதியது 13இல்தான் காலூன்றும். அதனால்தான் ‘யூடி எப்போ?’ என்பதோடு, எந்த இடம் பிடித்தது என்று ஒரு வரியை எடுத்துப் போட்டால் எங்களுக்குப் பொன். வாட்பேடில் பத்தியின் பக்கத்திலேயே கருத்துப் போடும் வசதி உண்டு. மற்ற இடங்களில் நீங்கள் வெட்டி ஒட்டுகிற அந்த ஒரு வரிதான் வழி. நாங்கள் உழைத்துச் செதுக்கிய வரியை யாரும் எடுத்துப் போட மாட்டார்கள் என்பதும், போகிற போக்கில் பாட்டி சொன்ன ஒன்றை ஏழு பேர் எடுத்துப் போடுவார்கள் என்பதும் எழுதப்படாத விதி.

‘இந்த எபி இழுவை, நடுவில் ஸ்கிப் பண்ணிட்டேன்’ என்று சொன்னவர்களுக்கு உடனே நன்றி சொல்ல வாய் வருவதில்லை. ஒரு நாள் கழித்து வரும். ‘எதிலிருந்து எதுவரை’ ஸ்கிப் செய்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் பயன். பெரும்பாலும் அந்த இடத்தில் முந்தைய எபியில் நடந்ததையே இன்னொரு பாத்திரம் நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்.

எங்கள் பக்கத்துக் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘50 லைக் வந்தால்தான் அடுத்த எபி’ என்று நிபந்தனை போடுகிற வழக்கம். இதனால் லைக்கும் பொய்யாகிவிடுகிறது. படிக்காமலே தட்டுவார்கள், மேலே சொன்ன அளவுகோல் அத்தனையும் போச்சு. கதையும் கடன் வசூல் மாதிரி ஆகிவிடும். அப்போதும் எங்களைத் திட்டாமல் படித்தவர்களுக்கு நன்றி கலந்த மன்னிப்பு.

முடிந்துபோன கதைகளுக்குக் கீழே எழுதுகிறவர்கள் தனி இனம். அந்தக் கருத்து எதிர்பாராத நேரத்தில் வரும், இரட்டை மடங்கு இனிக்கும். ஆனால் கதையை மின்னூலாக்கி, அமேசான் கிண்டிலில் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்த்தால் 90 நாளுக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. அதனால் கதையைத் தளத்திலிருந்து நீக்குகிறோம், நீக்கும்போது பல இடங்களில் உங்கள் கருத்துகளும் சேர்ந்து போய்விடுகின்றன. எழுதும் நண்பர்கள் நீக்குவதற்கு முன் கருத்துகளை நகலெடுத்து, எபி எண் போட்டு ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்துக்குத் திருத்தம் செய்ய அதைவிட நல்ல குறிப்பேடு கிடைக்காது.

திருட்டுப் பிடிஎஃப் சுற்றுவதைப் பார்த்து, அதைத் திறக்காமல் சுட்டியை மட்டும் எங்களுக்கு அனுப்பியவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். பெயரை மட்டும் மாற்றிக் கதையை வேறொருவர் போட்டபோது, எபிக்குக் கீழே தேதியோடு கிடக்கிற உங்கள் பழைய கருத்துகள்தான் எது முதலில் வந்தது என்று காட்டுகின்றன. ‘வெயிட்டிங்’ என்ற ஒரு சொல் சாட்சிக்கூண்டில் ஏறும் என்று எழுதும்போது நினைத்திருப்பீர்களா?

சைலண்ட் ரீடர்களே, உங்களையும் தெரியும். லாகின் செய்யாமல் படிக்கிறீர்கள், இல்லை எழுதக் கூச்சம். வற்புறுத்தவில்லை. என்றைக்காவது தோன்றினால் ‘படித்தேன்’ போதும்.

நன்றியுடன்,
உங்கள் தொடர்கதைக்காரர்கள்

பி.கு.: டம்ளரைக் கேட்டவருக்கு. அது இப்போது கடைசிப் படியில் இருக்கிறது. அடுத்த எபியில் சித்தப்பா இருட்டில் அதைக் காலால் தட்டிவிடப் போகிறார்.