மீசைக்காரர் ஊருக்குப் போகும் சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பா,

செப்டம்பரில் பார்சிலோனா போவது உறுதி என்று தம்பி சொன்னான். அங்கிருந்து ஒரு நாள் டூரில் பழைய ஊரான ஜிரோனாவும், மீசைக்குப் பேர்போன ஓவியர் டாலியின் மியூசியம் இருக்கும் ஃபிகெரெஸும் பார்த்துவிட்டு வரலாம் என்றதற்கு, "பழைய ஊர் சரி, அந்த மீசைக்காரன் கிறுக்கினதுக்கு எதுக்குக் காசு?" என்று கேட்டீர்களாம். இதே கேள்வி வேறு சிலருக்கும் இருக்கும் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஜிரோனா. அங்கே வழிகாட்டியை நிழல் மாதிரி ஒட்டிக்கொள்ளுங்கள். கல் தானாகப் பேசாது. யூதர்கள் வாழ்ந்த 'கால்' என்ற பகுதியில் ஒரு வாசல் நிலையில் சாய்வாக ஒரு பள்ளம் இருந்தது. நான் பாட்டுக்குத் தாண்டிப் போயிருப்பேன். வேத வாசகம் எழுதிய தோல் சுருளை வைக்கிற இடமாம் அது. 1492ல் மதம் மாறு, இல்லையென்றால் வெளியேறு என்று அரசாணை வந்தது. சுருள் போய்விட்டது, பள்ளம் இருக்கிறது. ராம்பான் என்று யூதர்கள் போற்றும் அறிஞர் 1194ல் பிறந்தது இந்த ஊரில்தான். 'அரபுக் குளியலறை' என்று ஒன்று காட்டுவார்கள். அதுவும் 1194ஆம் வருடத்தியது, ஆனால் கட்டியவர்கள் அரபிகள் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஊரின் பெரிய தேவாலயமான கதீட்ரலுக்குச் சுமார் 90 படிகள். பழனியில் வின்ச் உண்டு, இங்கே கிடையாது. முழங்கால் மூட்டைப் பார்த்து மெதுவாக ஏறுங்கள். ஆனால் ஏறாமல் வராதீர்கள். உள்ளே கிட்டத்தட்ட 23 மீட்டர் அகலத்துக்கு நடுவில் ஒரு தூண் கிடையாது. கோதிக் என்ற இடைக்கால ஐரோப்பியப் பாணிக் கூடங்களில் உலகிலேயே அகலமானது இதுதான். இவ்வளவு அகலத்துக்கு ஒரே வளைவு நிற்குமா என்று அப்போதே சண்டை. 1416ல் பல ஊர்த் தலைமைக் கொத்தர்களை வரவழைத்துக் கருத்துக் கேட்டு, அப்புறம் துணிந்து கட்டியிருக்கிறார்கள்.

ஒன்யார் ஆற்றின் மேல் ஒரு சிவப்பு இரும்புப் பாலம் வரும். ஈஃபில் கம்பெனி கட்டியது, பாரிஸ் கோபுரத்துக்கு முன்னாலேயே. எல்லாரும் அங்கே நின்று போட்டோ எடுப்பார்கள், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிகெரெஸ் கதை நேர் எதிர். எங்கள் வழிகாட்டி வாசலிலேயே பத்து நிமிடம் பேசிவிட்டு, "உள்ளே நீங்களே சுற்றுங்கள்" என்று அனுப்பிவிட்டார். கொடுத்த காசுக்கு இவ்வளவுதானா என்று எரிச்சலாக வந்தது. உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அது போய்விட்டது. டாலி இதை வரிசையாகப் பார்க்கிற மியூசியமாக வைக்கவே இல்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் கடைசியில் எரிந்துபோன நாடக அரங்கம் அது. பதின்ம வயதில் தன் படங்களை முதலில் காட்சிக்கு வைத்த இடம் என்று அதையே தேர்ந்தெடுத்து, 1974ல் திறந்தார். 1989ல் இறந்தபின் அந்த மேடைக்கு அடியிலேயே புதைத்தார்கள். எதிரில் இருக்கும் தேவாலயத்தில்தான் அவருக்கு ஞானஸ்நானம்.

முற்றத்தில் ஒரு கருப்பு காடிலாக், மழை பெய்வது காருக்கு உள்ளே. இதற்குப் போய் யார் என்ன விளக்கம் சொல்வது? அந்த உருகும் கடிகாரப் படத்தை மட்டும் தேடாதீர்கள், அது நியூயார்க்கில் இருக்கிறது.

கிறுக்கல் என்றீர்களே, ஒரே ஒரு படத்துக்காகப் போய்வாருங்கள். ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு பெண், முதுகுதான் தெரியும். பெரிய படம், தப்பாது. முதலில் கிட்டே போய்ப் பாருங்கள். அப்புறம் நன்றாகப் பின்னால் தள்ளி வந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் விடையைச் சத்தமாகச் சொல்லிக் கெடுத்துவிட்டார். உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. சித்தியிடமும் கேட்காதீர்கள், அவருக்குத் தெரியும்.

என்ன தெரிந்தது என்று அன்று ராத்திரியே எனக்குப் போன் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்