வழியில் காற்று இறங்கினால்

பாலக்கோடு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். ஓசூரிலிருந்து சைக்கிளிலேயே வீட்டுக்கு வரப்போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து உன் அம்மாவுக்குத் தூக்கம் சரியாக இல்லை. எனக்குச் சந்தோஷம்தான் கண்ணு. சைக்கிள் கடைக்காரன் மகள் இவ்வளவு தூரம் மிதித்து வருகிறாள் என்றால் யாருக்குத்தான் இருக்காது?

காற்று இறங்கினால் எதை வைத்து அடிப்பது என்று கேட்டிருந்தாய். கூட ஓட்டுகிற பிள்ளைகள் கேஸ் குப்பியே போதும், பம்பு எல்லாம் சுமை என்கிறார்கள், பேட்டரியில் ஓடுகிற குட்டிப் பம்பும் விற்கிறது, எதை வாங்குவது என்று. இதைப் போனில் சொன்னால் பாதி காதில் விழும், பாதி விழாது. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் கைப் பம்பு வாங்கு. கேஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது இரண்டாவது. பம்பு இல்லாமல் கேஸை மட்டும் நம்பி ஓசூர் எல்லையைத் தாண்டாதே.

கேஸ் குப்பியில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு. வழக்கமாகக் கிடைப்பது 16 கிராம் குப்பி. நீ அனுப்பிய படத்தில் டயர் ஓரத்தில் 700×32 என்று பார்த்தேன், அந்த 32 தான் டயரின் தடிமன். அந்த டயருக்கு ஒரு குப்பி முழுசாக உள்ளே போனால் சுமார் 70 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) வரும், அது உனக்குப் போதும். இன்னும் மெல்லிசான 25 டயர் என்றால் நூறைத் தாண்டிவிடும். மலைச் சைக்கிளின் தடித்த டயரில் அதே குப்பி முப்பதைத் தொட்டாலே பெரிது. ஆகவே நண்பர்கள் ‘ஒரு குப்பி போதும்’ என்றால் அவர்கள் வண்டியில் என்ன டயர் என்று கேட்டுக்கொள்.

அதில் நல்லது வேகம். சில நொடிகளில் டயர் கல் மாதிரி ஆகிவிடும். அதன் கஷ்டமும் அந்த வேகத்தில்தான். டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே மாட்டியிருந்தால் கவனிக்க நேரமே இருக்காது, ‘டப்’ என்று வெடிக்கும். குப்பியில் மாட்டுகிற தலை, டியூபின் வால்வில் சரியாக உட்காரவில்லை என்றால் முழு கேஸும் வெளியே சீறிப் போய்விடும். பாதி வைத்துக்கொண்டு பாதியை நாளைக்கு என்பதும் பெரும்பாலும் நடக்காது. குப்பியைத் துளைத்தாயிற்று என்றால் அன்றோடு சரி.

இன்னொன்று, கேஸ் வெளியேறும்போது குப்பி பனிக்கட்டி போலக் குளிர்ந்து மேலே வெள்ளையாகப் படரும். வேர்த்த கையால் வெறுமனே பிடித்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். உறையோடு வருவதை வாங்கு, இல்லாவிட்டால் கைக்குட்டையைச் சுற்றிப் பிடி. அடித்து வீடு வந்து சேர்ந்தாலும் மறுநாள் காலையில் டயர் தொளதொளவென்று இருக்கும். பஞ்சர் ஒட்டு விட்டுவிட்டது என்று நினைக்காதே. கார்பன் டை ஆக்சைடு ரப்பருக்குள் கரைந்து சாதாரணக் காற்றைவிடச் சீக்கிரம் வெளியேறும். வந்ததும் அதை முழுக்க இறக்கிவிட்டுக் காற்றை அடித்துக்கொள்ள வேண்டும். மீதிக் குப்பிகளை வெயிலில் நிற்கிற காருக்குள்ளோ அடுப்பு பக்கமோ வைக்காதே.

சரி, அப்படியென்றால் கேஸ் எதற்கு என்று கேட்பாய். நிற்கக் கூடாத இடத்துக்கு.

நீ ராயக்கோட்டை வழியாக வந்தால் சானமாவு காட்டை ஒட்டி வரவேண்டும். ராகி அறுவடைக் காலத்தில் யானைக் கூட்டம் அந்தப் பக்கம் வந்து தங்குவது உனக்கே தெரியும். அங்கே மாலை மயங்குகிற நேரத்தில் காற்று இறங்கினால், குனிந்து உட்கார்ந்து நூறு இருநூறு தடவை பம்பை இழுத்துத் தள்ளிக்கொண்டிருக்க முடியாது. புது டியூபை மாட்டு, கேஸை விடு, கிளம்பு. கிருஷ்ணகிரி வழியாக நெடுஞ்சாலையில் வந்தாலும் இதே கதைதான். சூளகிரிப் பக்கம் லாரிகள் ஓரத்தை உரசிக்கொண்டு போகும். ஆனால் பாலத்தின் மேலே, வளைவில், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு முழம்கூட இடமில்லாத இடத்தில் பஞ்சர் ஆனால் அங்கே எதையுமே அடிக்காதே. வண்டியைத் தள்ளிக்கொண்டு பாலத்தைத் தாண்டி, சாலையை விட்டு நன்றாக உள்ளே இறங்கி அப்புறம் வேலையைப் பார். டயர் கெட்டாலும் பரவாயில்லை, டயர் வாங்கிக்கொள்ளலாம்.

மற்ற எல்லா இடத்திலும், அதாவது புளியமர நிழல், டீக்கடை வாசல், பஸ் நிறுத்தம், இங்கெல்லாம் பம்புதான். பம்பு தீர்ந்துபோகாது. முதல் தடவை முள்ளைக் கவனிக்காமல் விட்டு, பத்து நிமிஷத்தில் மறுபடி இறங்கினாலும் அது கையில் இருக்கும். மெதுவாக ஏறுவதால் டியூப் எங்காவது பிதுங்கினால் கண்ணில் படும், நிறுத்திச் சரிசெய்யலாம். கூட வருகிறவருக்கு இறங்கினாலும் கொடுத்து உதவலாம்.

பம்பில் எதைப் பார்த்து வாங்குவது? நேராக வால்வில் குத்துகிற பம்பு வேண்டாம். உன் வண்டியில் இருப்பது பிரெஸ்டா வால்வு, பென்சில் முனை மாதிரி ஒல்லியாக இருக்குமே, அது. பம்பை ஆட்டி ஆட்டி அடிக்கிற ஆட்டத்தில் அந்த ஊசி வளைந்துவிடும், சில சமயம் டியூபோடு சேர்கிற இடத்தில் அறுந்தும்விடும். சின்னதாக ஒரு ரப்பர் குழாய் வைத்த பம்பாகப் பார். நீ எவ்வளவு ஆட்டினாலும் குழாய்தான் ஆடும், வால்வு ஆடாது. குழாயைத் திருகி மாட்டுகிற வகையில் ஒரு தொல்லை உண்டு. அடித்து முடித்துத் திருகிக் கழற்றும்போது வால்வின் உள் ஊசியும் கூடவே கழன்று வந்து, அடித்த காற்றெல்லாம் போய்விடும். அதனால் வீட்டிலேயே அந்த ஊசி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்.

பம்பின் உடல் தடியாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் நிறையக் காற்று போகும், ஆனால் அழுத்தம் ஏற ஏறக் கை தாங்காது. ஒல்லியாக இருந்தால் அடி நிறைய வேண்டும், கடைசிவரை தள்ள முடியும். உன் டயருக்கு 60 பி.எஸ்.ஐ. வந்தாலே வீடு வந்து சேரலாம், அதனால் நடுத்தரமானது போதும். கால் வைத்து மிதித்துப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் அழுத்துகிற மாதிரி குட்டையாக வருகிறதே, அது கிடைத்தால் அதையே வாங்கு. கொஞ்சம் கனம்தான். உடம்பின் எடையை அதன்மேல் போடலாம் என்பதால் தோள்பட்டை வலிக்காது. நீ நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற பிள்ளை, கையை மட்டும் நம்பாதே.

நம் கடைப் பம்பு நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீ ஏறி நின்று அழுத்துவாயே. அதன் உள்ளே இருப்பது தோல் வாஷர். வெயில் காலத்தில் காய்ந்து சுருங்கிவிடும். அழுத்தினால் கனமே தெரியாமல் கைப்பிடி சும்மா கீழே போகும், காற்று ஒரு துளி ஏறாது. கழற்றி விளக்கெண்ணெய் தடவி, விரலால் ஓரத்தை விரித்துவிட்டு மறுபடி போட்டால் பழையபடி பிடிக்கும். நீ வாங்குகிற சின்னப் பம்பில் தோலுக்குப் பதில் ரப்பர் வளையம் இருக்கும். அதுவும் தூசியிலும் மழையிலும் கிடந்தால் கெட்டுவிடும். வண்டியில் வெளியே மாட்டாமல் பைக்குள் வை. மாதம் ஒருமுறை எடுத்து, வாயை விரலால் அடைத்து ஒரு அழுத்து அழுத்திப் பார். விரலைத் தள்ளுகிறது என்றால் நன்றாக இருக்கிறது.

பேட்டரிப் பம்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வேலை செய்கிறது, கடைக்கு வந்த ஒரு பையன் காட்டினான். சார்ஜ் இருந்தால் ஒன்றிரண்டு டயருக்குச் சரி. மாதக்கணக்கில் பையில் கிடக்கிற பொருளை மறக்காமல் சார்ஜ் போட்டு வைப்பாயா என்று நீயே யோசித்துக்கொள்.

இனி முக்கியமானது. எதை வைத்து அடித்தாலும், அடிக்கும் முன்னால் குத்தினது எது என்று கண்டுபிடிக்காமல் புது டியூபைப் போடாதே. நம் பக்கத்துக் கிராமத்துச் சாலையில் வேலி முள்ளும் கருவேல முள்ளும்தான் அதிகம். நெடுஞ்சாலையில் வேறு சங்கதி. லாரி டயர் வெடித்துச் சிதறிய துண்டுகள் ஓரத்தில் கிடக்குமே, அதிலிருந்து உதிரும் இரும்புக் கம்பி தலைமுடி மாதிரி மெல்லிசு. டயரில் ஏறினால் வெளியே தெரியவே தெரியாது. டயரின் உள்பக்கம் விரலை வேகமாக ஓட்டினால் விரல் கிழியும். கொஞ்சம் பஞ்சு எடுத்துப்போ. பஞ்சை உள்பக்கம் சுற்றிலும் தடவிக்கொண்டே வந்தால் கம்பி இருக்கிற இடத்தில் நூலாகச் சிக்கி நிற்கும். பழைய டியூபில் காற்றை ஏற்றி, ஓட்டை எங்கே என்று கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார். வால்விலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து, டயரில் அதே இடத்தைத் தேடினால் பாதி வேலை மிச்சம். டியூபைக் கழற்றும்போது எந்தப் பக்கம் எது என்று மாறாமல் பார்த்துக்கொள். பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முள் இல்லை, காற்று குறைவாக இருந்து பள்ளத்தில் ரிம் நசுக்கியது.

புது டியூபுக்கு உருண்டை வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்று கொடுத்துவிட்டு உள்ளே வை. இதற்காகவே கேஸோடு பம்பும் வேண்டும் என்கிறேன். டயரை ஏற்றின பிறகு வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுத்துவிட்டு, இரண்டு பக்கமும் சுற்றி டியூப் எட்டிப் பார்க்கிறதா என்று கவனி. அப்புறம் அடி.

காற்று நிரப்பின டயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது பெல்ஃபாஸ்டில் இருந்த டன்லப் என்கிற கால்நடை மருத்துவர் என்று சொல்வார்கள். தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகத்தான் செய்தார், 1888-இல் காப்புரிமை வாங்கினார். அவருக்கும் முன்னாலேயே தாம்சன் என்பவர் அந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார், ஆனால் அது சாலைக்கு வந்து நிலைக்கவில்லை. டன்லப் பெயரில் உள்ள வால்வுதான் நீ பிளஸ் ஒன்னில் அரசாங்கத்தில் வாங்கின சைக்கிளில் இருந்தது, உள்ளே வால்டியூப் என்கிற சின்ன ரப்பர் குழாய் மாட்டியது. அதற்கு எந்த ஊரிலும் காற்று கிடைக்கும். இப்போது உன் வண்டிக்கு அப்படி இல்லை. வழியில் உள்ள கடைகள் பலவற்றில் பம்பின் வாய் உன் வால்வில் பிடிக்காது. அதற்குப் பித்தளையில் சின்ன அடாப்டர் வருகிறது, விரல் நுனி அளவுதான், விலையும் குறைவு. இரண்டு வாங்கி ஒன்றைச் சாவிக்கொத்தில் போட்டு வை. அதை மாட்டினால் மோட்டார் சைக்கிள் வால்வு மாதிரி ஆகிவிடும், பெட்ரோல் பங்க்கில் அடித்துக்கொள்ளலாம். அங்கே காற்று இலவசம், கேட்கத் தயங்காதே.

லாரி பஞ்சர் கடையில் மட்டும் ஜாக்கிரதை. லாரி டயருக்கே நூறுக்கு மேல் வேண்டும், அவர்கள் கம்ப்ரசர் அதைவிட அதிகமாகச் சேர்த்து வைத்திருக்கும். உன் டயர் இரண்டு லிட்டர் காற்றுகூடப் பிடிக்காது. கடைக்கார அண்ணன் பழக்கத்தில் ஒரே அழுத்தாக அழுத்திவிடுவார். "அண்ணா, விட்டு விட்டு அடிங்க" என்று முன்னாலேயே சொல்லு. நடுநடுவே கட்டைவிரலால் அமுக்கிப் பார்.

ஆகப் பையில் இருக்க வேண்டியது இரண்டு டியூப், ஒட்டுப் போடுகிற பெட்டி, டயர் லீவர், குழாய் வைத்த பம்பு, அடாப்டர், பஞ்சு, ஒரு கேஸ் குப்பி அதன் தலையோடு. கனமாக இருக்கிறதே என்றால் சாப்பாட்டைக் குறைத்துக்கொள், அம்மா இங்கே களி கிண்டி வைத்திருப்பாள்.

பம்பு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலிலேயே பின்சக்கரத்தைக் கழற்றி, காற்றை முழுக்க இறக்கி, டியூபை வெளியே எடுத்து மறுபடி மாட்டி அந்தப் பம்பாலேயே அடித்துப் பார். முன்சக்கரம் சுலபம், பின்சக்கரத்தில் செயின் இருப்பதால் அதில்தான் பழக வேண்டும். எவ்வளவு நேரம் பிடித்தது, எங்கே கை நின்றது என்று எனக்குச் சொல். அதைக் கேட்டுவிட்டு ராயக்கோட்டை வழியா, கிருஷ்ணகிரி வழியா என்று முடிவு பண்ணலாம். எந்த வழியானாலும் விடியலில் கிளம்பு, சூளகிரியிலோ ராயக்கோட்டையிலோ நின்று ஒரு போன் போடு.

அன்புடன்,
அப்பா