புயலுக்குப் பெயர் வைத்த பிறகு காப்பீடு கிடைக்காது

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த கரீபியன் கப்பல் பயணக் கட்டுரையைப் படித்தேன். சாப்பாடு, நீச்சல் குளம், பால்கனி அறை எல்லாம் சரி. ஆனால் காப்பீடு வீண் செலவு, ஏதாவது ஆனால் கப்பல்காரர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருந்தது உறுத்தியது. ஹூஸ்டனில் இருக்கும் நாங்கள், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைப் பக்கத்து கால்வெஸ்டன் துறைமுகத்தில் கப்பல் ஏற்றிவிடுகிறவர்கள்.

கப்பல்காரர்கள் எவ்வளவு பார்த்துக்கொள்வார்கள் என்பது பயண ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. வானிலை சரியில்லை என்றால் ஒரு துறைமுகத்தை விட்டுவிடலாம், வேறொன்றுக்குப் போகலாம். பொதுவாக அதற்கு இழப்பீடு கிடையாது. இறங்காத துறைமுகத்துக்கான வரி, கட்டணம் மட்டும் பெரும்பாலும் திரும்ப வரும். கப்பல் மூலமாகப் பதிவு செய்த உள்ளூர்ச் சுற்றுலாவுக்கும் பணம் வந்துவிடும். மலிவாக இருக்கிறதே என்று நாமே இணையத்தில் பதிவு செய்ததற்கு அந்த உள்ளூர்க்காரர் மனது வைத்தால்தான் உண்டு. கிராண்ட் கேமன் தீவில் பெரிய கப்பல்கள் நேரே கரையில் அணைவதில்லை, சிறு படகில்தான் ஆட்களை இறக்குவார்கள். அலை தூக்கினால் அன்றைக்கு ஊரைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இதற்காகக் கேப்டனைத் திட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆடுகிற படகில் எழுபது வயதுக்காரரை இறக்கச் சொல்கிறார்களா?

புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது கால்வெஸ்டன் துறைமுகம் மூடப்பட்டு, ஊர் திரும்ப வேண்டிய சில கப்பல்கள் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் போயின. புயலையாவது எல்லோரும் எதிர்பார்க்கிறோம். யாரும் நினைத்துப் பார்க்காதது மூடுபனி. குளிர்காலத்தில் மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று குளிர்ந்த கரையோரத் தண்ணீரின் மேல் வரும்போது கப்பல் போகும் பாதையே கண்ணுக்குத் தெரியாமல் போகும். துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட்கள் கப்பலை உள்ளே கொண்டுவர மாட்டார்கள், பனி விலகும்வரை வெளியிலேயே நிற்க வேண்டும். இறங்கும் நாளிலேயே மதிய விமானத்துக்கு டிக்கெட் போட்டவர்கள் திண்டாடிப் போவார்கள். புது டிக்கெட், ஓட்டல் அறை என்று செலவு ஏறும்போது காப்பீடு கைகொடுக்கும். எத்தனை மணி நேரம் தாமதமானால் பணம் தருவார்கள் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும், அதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

துறைமுகம் மாறிய ஏமாற்றத்துக்குப் பல பாலிசிகள் ஒன்றும் தராது, தந்தாலும் சிறு தொகைதான். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கினால் அந்தப் புயலால் வரும் நஷ்டம் அதில் சேராது. எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்துகொள்ளும் வசதி வேண்டுமென்றால், பயணத்துக்கு முன்பணம் கட்டி இரண்டு மூன்று வாரத்துக்குள் வாங்கியாக வேண்டும். அதிலும் பெரும்பாலும் 50 முதல் 75 சதவீதம்தான் திரும்பும்.

அப்புறம், பெற்றோருக்கு எடுக்கும் விசிட்டர் இன்சூரன்ஸே இதற்கும் போதும் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் மருத்துவச் செலவுக்கானது, ரத்தான பயணத்தின் பணத்தைத் தராது. மருத்துவச் செலவிலும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களுக்கு நிபந்தனை உண்டு. கப்பல் டாக்டரின் பில் தனி. நடுக்கடலிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேர்ந்தால் அந்தத் தொகை பயணக் கட்டணத்தையே சாதாரணமாக்கிவிடும். அந்த பாலிசி அமெரிக்காவுக்கு வெளியே, கடலிலும் செல்லுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு அவர்களைக் கப்பல் ஏற்றுங்கள்.

— ஒரு வாசகர், ஹூஸ்டன், டெக்சஸ்