பாம்பன் பாலத்தில் காரை நிறுத்துகிறவர்களுக்கு

காரெடுத்துக்கொண்டு ராமேஸ்வரம் கிளம்பும் குடும்பங்களுக்கு, வணக்கம்.

நான் பாம்பன்காரன். நீங்கள் வருவதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. விடிகாலை ஸ்படிக லிங்க தரிசனத்தைப் பிடிக்க ராத்திரியோடு ராத்திரியாக மதுரையைத் தாண்டி, பரமக்குடியில் டீ குடித்து, பிள்ளைகள் பின்சீட்டில் தூங்கி வழிய வந்து சேர்கிறீர்கள். எங்கள் ஊர் லாட்ஜ், சாப்பாட்டுக் கடை, ஆட்டோ எல்லாம் உங்களை நம்பித்தான் ஓடுகின்றன. கேட்பது ஒன்றே ஒன்று: பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள்.

ஆசை புரிகிறது. இரண்டு பக்கமும் கடல், பக்கத்திலேயே ரயில் பாலம். 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்த பிறகு நிற்கிற வண்டிகள் இன்னும் கூடிவிட்டன. கப்பல் வந்தால் நடுவிலுள்ள 72.5 மீட்டர் துண்டு அப்படியே லிப்ட் போல நேராக மேலே ஏறுகிறது. 1914-இல் திறந்த பழைய தூக்குப் பாலத்தை ஆட்கள் கையால் சுற்றித்தான் திறப்பார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். இத்தனை வருஷம் இங்கேயே இருக்கிற நானே இன்னும் திரும்பிப் பார்க்கிறேன்.

ஆனால் நீங்கள் நிற்கிற இடம் எங்களுக்கு வேடிக்கை பார்க்கிற இடம் அல்ல. 1988-இல் இந்தச் சாலைப் பாலம் திறக்கும்வரை தீவுக்கு வர ரயில், இல்லையென்றால் படகு. இன்றைக்கும் ரோடு என்றால் இது ஒன்றுதான். போக ஒரு வண்டி, வர ஒரு வண்டி, அவ்வளவு அகலம். பால், காய்கறி, கேஸ் சிலிண்டர் உள்ளே வருவதும், மீன் லாரி வெளியே போவதும் இதன் மேல்தான். பெரிய வைத்தியம் என்றால் ராமநாதபுரத்துக்கு ஓட வேண்டும், அதுவும் இதன் மேல்தான்.

என் அத்தைக்கு நெஞ்சுவலி வந்து ஆம்புலன்ஸில் கொண்டுபோன நாள் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு ஓரத்திலும் கார் வரிசை. ஒரு பானட்டின் மேல் புளியோதரைப் பொட்டலம் பிரித்து வைத்திருந்தது. ஓட்டுநர் மைக்கில் கத்துகிறார், எதிர்ப்பக்கம் ஒரு பஸ் ஒதுங்க இடமில்லாமல் நிற்கிறது. சைரன் கேட்டவர்கள் பதறித்தான் போனார்கள், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் வண்டியை எடுக்கலாம் என்றால் சாவி வைத்திருந்தவர் கூட்டத்தில் எங்கோ படம் எடுத்துக்கொண்டிருந்தார். அத்தை பிழைத்துக்கொண்டார். அதனால்தான் இந்த மடலை இவ்வளவு நிதானமாக எழுத முடிகிறது.

போலீஸ் வந்து விரட்டினால் கலைகிறீர்கள், அவர்கள் நகர்ந்ததும் அடுத்த வண்டி வந்து நிற்கிறது. சரி, படம் எடுக்கத்தான் வேண்டும் என்றால் பாலம் ஏறுவதற்கு முன்பே மண்டபம் ஊர்ப் பக்கம் ஓரங்கட்டிவிட்டு நடைபாதையில் நடந்து வாருங்கள். காற்று பலமாக அடிக்கும், சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். நடக்க முடியாத பெரியவர்களுக்கு, கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினாலே எல்லாம் தெரியும்.

தனுஷ்கோடியிலும் இதே கதைதான். 1964 டிசம்பர் புயலில் ஊரே போன இடம் அது. அப்புறம் பல வருஷம் மணலில் ஜீப்பும் வேனும்தான் போய்வந்தன. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ரோடு வந்ததும் எல்லாக் காரும் போகிறது. ரோடு இருக்கும்போது எதற்கு மணலில் இறக்குகிறீர்கள் என்றுதான் புரியவில்லை. சக்கரம் புதைந்ததும் வலை இழுத்துக்கொண்டிருக்கிற எங்கள் ஆட்களைக் கூப்பிடுகிறீர்கள். அவர்களும் வேலையைப் போட்டுவிட்டு வந்து தள்ளுகிறார்கள். முனையில் குளிக்கவும் இறங்காதீர்கள், இழுப்பு அதிகம். தீர்த்தமாட அக்னி தீர்த்தமும் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களும் இருக்கின்றன.

இன்னொன்று. பாலத்தில் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் ஓட்டுகிறவரின் யோசனை அல்ல. “இங்க ஒரு நிமிஷம் நிறுத்துங்களேன்” என்ற குரல் பின்சீட்டிலிருந்துதான் வருகிறது. அதனால் மண்டபம் தாண்டுவதற்குள் இதைப் பின்சீட்டுக்கு வாசித்துக் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து ஒருவன்