சனிக்கிழமை சுக்வாமிஷ் கரைக்குப் போகிறோம்: பெயர் கொடுங்கள்

சியாட்டில் தோழிகளே, வணக்கம்.

இந்தப் பகுதிப் பழங்குடி மக்கள் துடுப்பு வலித்துக் கடல்வழியே வரும் படகுப் பயணம், வரும் சனிக்கிழமை சுக்வாமிஷ் பழங்குடியினரின் ஊர்க் கரைக்கு வருகிறது. 1989-ல், வாஷிங்டன் மாநிலத்தின் நூற்றாண்டையொட்டி, குவினால்ட் இனத்தைச் சேர்ந்த எமெட் ஆலிவர் முன்னெடுத்த பயணத்தில்தான் இந்த வழக்கம் மீண்டும் உயிர்பெற்றது. இப்போது பெண்களும் துடுப்பு வலிக்கிறார்கள். சில படகுகளை நடத்திச் செல்வதே அவர்கள்தான். நம் பெண் பிள்ளைகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

1. காலை 8 மணிக்கு சியாட்டில் ஃபெரி துறையில் கூடுவோம். பெயின்பிரிட்ஜ் தீவில் இறங்கி, அங்கிருந்து காரில் போகலாம்.

2. படகுகள் வரும் நேரம் காற்றையும் நீரோட்டத்தையும் பொறுத்தது. மடக்கு நாற்காலி, தொப்பி, தண்ணீர் கொண்டு வாருங்கள்.

3. ஒவ்வொரு படகும் கரையோரம் நின்று, தாங்கள் யார், எங்கிருந்து வருகிறோம் என்று சொல்லி, கரையேற அனுமதி கேட்கும். கரையில் இருப்பவர்கள் வரவேற்றுப் பதில் சொல்வார்கள். பார்க்கவேண்டியதே இதுதான். அந்த நேரம் தயவுசெய்து பேச்சு வேண்டாம், போன் சைலண்டில் இருக்கட்டும்.

4. கேட்காமல் படகைத் தொடவோ படம் எடுக்கவோ கூடாது. சில பாடல்களைப் பதிவு செய்ய விடமாட்டார்கள்.

5. மது, போதைப்பொருள் அறவே கிடையாது.

6. படகுகள் கரையேறிய பிறகு, பாட்டும் ஆட்டமும் இரவு வரை நீளும். சாப்பாட்டில் பெரியவர்களுக்கே முதலிடம்.

எத்தனை பேர் வருகிறீர்கள், காரில் இடம் வேண்டுமா அல்லது தர முடியுமா என்று புதன் இரவு 9 மணிக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.