டூட்டி லிஸ்ட் போடும் மேடம்களுக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் மருத்துவமனைகளில் நர்சிங் சூப்பரின்டெண்டன்ட்டாக இருக்கும் மேடம்களுக்கும், வார்டு இன்சார்ஜ் அக்காக்களுக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணி வாக்கில் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வரும். கோடு போட்ட நோட்டில் ஸ்கேல் வைத்து வரைந்த கட்டங்கள், அடித்துத் திருத்திய பெயர்கள், ஓரத்தில் உங்கள் கையெழுத்து. மறுநாள் தொடங்கும் வாரத்துக்கான டூட்டி லிஸ்ட். இரண்டு விரலால் பெரிதாக்கி, என் வரியில் எத்தனை நைட் என்று எண்ணுவேன். எண்ணிவிட்டு அடுப்படிச் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்ப்பேன். பிராக்டிகல் வகுப்பு நாட்களை அதில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு இரண்டு மாதம் ஆகியிருக்கும். படிப்புத் தேதி எனக்கு இரண்டு மாதம் முன்பே தெரிகிறது. வேலைத் தேதி முந்தின நாள் ராத்திரிதான் தெரிகிறது. இதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்து ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமம். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், டிப்ளமோ நர்ஸ்கள் டிகிரி வாங்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்திருக்கிறேன். வார்டில் இதற்கு ‘ஆன்லைன் டிகிரி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். “போன்லயே படிச்சு போன்லயே பாஸ் ஆயிடுவியா?” என்று ஒரு அக்கா கேட்டார். பாடங்கள் போனில் இருப்பது உண்மைதான், இக்னோவின் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அசைன்மென்ட் உண்டு, நர்சிங் கல்லூரிக்குப் போய் இருந்து செய்யும் பிராக்டிகல் உண்டு, ஜூனிலும் டிசம்பரிலும் நேரில் உட்கார்ந்து எழுதும் தேர்வு உண்டு. (எங்கேயும் போகாமலே நர்சிங் டிகிரி வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்ட் யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம் என்று உங்கள் ஜூனியர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.) ஜி.என்.எம். முடித்து, கவுன்சிலில் பதிவு செய்து, வேலை பார்த்த அனுபவமும் இருந்தால்தான் சேரவே முடியும். இதே படிப்பைக் கல்லூரியில் நேரடியாகப் படித்தால் 2 வருடம், இங்கே குறைந்தது 3 வருடம். டூட்டி பார்ப்பவர்கள் படிப்பது என்பதால்தான் அந்த ஒரு வருடம் கூடுதல். அதற்கும் மேலே இழுத்துக்கொண்டு போகவும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் வருடம் தப்பு என் மேல்தான். ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று இறங்கினேன். நைட் முடிந்து வந்து, பையனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பத்து மணிக்கு பயோகெமிஸ்ட்ரியைத் திறப்பேன். கீட்டோன் பாடீஸ் பற்றிய ஒரே பக்கத்தை நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை புத்தகத்தின் மேலேயே தூங்கிவிட்டேன், மாமியார் வந்து என் கண்ணாடியைக் கழற்றி எடுத்து வைத்திருக்கிறார். அதே வாரம் வார்டில் ஒரு பெரியவருக்கு சர்க்கரை ஏறி, கீட்டோன் சேர்ந்து இரத்தம் அமிலமாகும் டி.கே.ஏ. ஆகி, இன்சுலின் டிரிப் ஓடியது. அவர் மூச்சில் அடித்த கீட்டோனின் பழவாசனை, நாலு தடவை படித்தும் ஏறாததை ஒரு நிமிடத்தில் ஏற்றிவிட்டது.

அதற்கப்புறம் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். நைட் வாரத்தில் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. காலை ஷிப்ட் வாரத்தில் பையன் தூங்கிய பிறகு ஒன்றரை மணி நேரம். ஒரு பாடம் முடியும்வரை அடுத்ததைத் திறப்பதில்லை. நோயாளியை எப்படிக் கவனிப்பது என்று எழுதும் கேர் பிளானுக்குப் புது கேஸ் தேடி அலைவதில்லை. வார்டில் நானே பார்த்த நோயாளியை, பெயர் விவரம் இல்லாமல், டே ஆஃபில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆமை வேகம்தான், ஆனால் நகர்கிறது. எந்த வாரம் நைட் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் இதுவும் நடக்கும்.

ஒரு டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம், அங்கிருந்த மேடமும் நல்லவர்தான். மறுநாள் காலை பத்து மணிக்கு சேலத்தில் எனக்குத் தேர்வு. லிஸ்டில் ஆஃப் என்றுதான் இருந்தது. சாயங்காலம் ஆறரைக்கு போன். “ஒருத்தி வரலைம்மா. நைட் பார்த்துட்டு காலையில அப்படியே போய் எழுதிடேன்.” முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று ராத்திரி பத்தரைக்கு, ராகி அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவைக் கண்ணாடி விரியன் கடித்து, தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரத்தத்தை எடுத்துக் கண்ணாடி டியூபில் விட்டு 20 நிமிடம் ஆடாமல் வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? சாய்த்துப் பார்த்தால் உறையாமல் தண்ணீராக ஓடியது, விஷம் ஏறிவிட்டது. ஏ.எஸ்.வி. என்ற பாம்பு விஷமுறிவு மருந்து 10 குப்பி கலக்கினோம். குலுக்கினால் நுரைத்துவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டி உருட்டித்தான் கரைக்க வேண்டும். அப்புறம் ஆறு மணி நேரம் கழித்து மறுபடி டியூப் வைத்துப் பார்க்க வேண்டும். விடிய நாலு மணிக்கு கேஸ் ஷீட் எழுத காலிக் குப்பிகளை எண்ணினேன், ஒன்பது வந்தது. மறுபடி எண்ணினேன், பத்து. பக்கத்து சிஸ்டரைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். பத்துதான். அந்த அம்மா பிழைத்து வீட்டுக்குப் போனார். எனக்கு மட்டும் அந்த ஒன்பது இன்னும் மறக்கவில்லை. முந்தின ஐந்து நாளும் ஆஃப் வரும் என்ற நம்பிக்கையில் தூக்கத்தைக் குறைத்துப் படித்தவள் நான். அப்படிப்பட்டவளிடம் அன்று ராத்திரி அந்த வார்டு இருந்தது.

எட்டு மணிக்கு அடுத்த ஷிப்ட் சிஸ்டரிடம் ஓவர் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். தொப்பூர் கணவாய் வளைவில் தலை ஜன்னல் கம்பியில் இடித்துத்தான் விழித்தேன். தேர்வுக்கு அரை மணி தாமதம். அந்தப் பேப்பர் போயிற்று, அடுத்த ஜூனில்தான் எழுதி முடித்தேன்.

நான் லீவு கேட்கவில்லை, சம்பளத்தோடு படிப்பு விடுப்பும் கேட்கவில்லை. லிஸ்டை ஒரு வாரத்துக்குப் பதிலாக நாலு வாரத்துக்குப் போடுங்கள், அதுவும் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பே ஒட்டுங்கள். யாராவது வராமல் போனால் மாற்றத்தான் வேண்டும், அது புரிகிறது. அப்போதும் தேர்வுக்கு முந்தின ராத்திரியையும் பிராக்டிகல் நாட்களையும் மட்டும் தொடாதீர்கள். எங்களுக்குள் டூட்டி மாற்றிக்கொள்ள வந்தால், இரண்டு பேர் கையெழுத்து இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். மாம்பழ சீசனிலும் ஆவணிக் கல்யாண மாதத்திலும் உங்கள் பாடு எனக்குத் தெரியும், ஆளுக்கொரு விண்ணப்பத்தோடு வாசலில் நிற்பார்கள். நாலு வார லிஸ்ட் இருந்தால் அந்தக் கூட்டமே பாதியாகக் குறையும் என்பது என் எண்ணம். போட்டுப் பார்த்துவிட்டு, சரிவரவில்லை என்றால் என்னைத் திட்டுங்கள்.

“டிகிரி முடிச்சா பெங்களூருக்குப் பறந்துடுவாங்க” என்று நீங்கள் பேசிக்கொள்வது எங்கள் காதிலும் விழுகிறது. ஓசூரைத் தாண்டினால் பெங்களூர், ஜி.என்.எம்.மோடேயே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். என் பேட்ச்சில் அப்படிப் போன இரண்டு பேரிடம் கேட்டேன். சம்பளத்துக்கு அடுத்தபடியாக அவர்கள் சொன்னது, மாத லிஸ்ட் முதல் தேதிக்கு முன்பே கைக்கு வந்துவிடுகிறது என்பதுதான்.

“நாங்களும் இப்படித்தான் கஷ்டப்பட்டுப் படிச்சோம்” என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை மேடம். பட்டிருப்பீர்கள். ஆனால் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் 2017-இல் ஒரு சட்டம் போட்டார்கள், இனிமேல் பதிவு பெறும் நர்ஸ்கள் 10 வருடத்துக்குள் பட்டம் வாங்கியாக வேண்டும் என்று. வேலையில் இருக்கும் நர்ஸ்களுக்கு ஆன்லைன் வகுப்பு ஏராளமாக இருக்கிற நாடு அது. கட்டாயப்படுத்துகிற இடத்திலேயே 10 வருடம் தருகிறார்கள். இங்கே யாரும் கட்டாயப்படுத்தாமல் நாங்களே படிக்கிறோம், கேட்பது பத்து நாள்.

என் அடுத்த தேர்வுத் தேதிகளையும் பிராக்டிகல் நாட்களையும் ஒரு சீட்டில் எழுதி, எங்கள் இன்சார்ஜ் அக்காவின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில், மருந்து கேட்டு எழுதும் இண்டென்ட் தாளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அக்கா, லிஸ்ட் போட ஸ்கேலை எடுக்கும்போது அதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
காரிமங்கலம் பக்கத்து ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி